அப்பாவின் ரிவால்வருக்கு வீட்டிலேயே பாலிஷ் போடலாமா?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. அப்பா முன்னாள் ராணுவ வீரர், வயது 74. அவர் பெயரில் உரிமம் உள்ள, கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர் ஒன்று வீட்டில் இருக்கிறது. கருப்புப் பூச்சு பல இடத்தில் போய்த் துரு பிடித்துவிட்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆன்லைனில் கிடைக்கும் புளூயிங் திரவம் (இரும்புக்குக் கருப்புப் பூச்சு தருவது) பூசலாம், முடிந்தால் மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் நிக்கல் முலாம் போட்டு, பிடிக்கு நல்ல மரம் வைக்கலாம் என்று ஆசை. ஒரு பக்கம் தேய்த்தபோது அதில் பொறித்திருக்கும் நம்பரின் கடைசி எண் கொஞ்சம் மங்கிவிட்டது. அப்பா இரண்டு மாதமாகச் சென்னையில் அக்கா வீட்டில் இருக்கிறார். சட்டப்படி சிக்கல் வருமா சார்?

பதில்: வரும் தம்பி. இன்றைக்கே அந்த வேலையை நிறுத்திவிடுங்கள், மீதியை அப்புறம் பேசுவோம்.

நீங்கள் துருவைப் பற்றிக் கேட்கிறீர்கள், எனக்கு அந்த மங்கிப்போன எண்தான் கவலையாக இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பிரிவு 8, துப்பாக்கியில் பொறித்திருக்கும் பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ நீக்கவோ மாற்றவோ போலியாகப் பொறிக்கவோ கூடாது என்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை: எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவரே அழித்தார் என்றுதான் நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. துரு தின்றது, பாலிஷ் போட்டபோது தெரியாமல் போனது என்றெல்லாம் சொல்லலாம், ஆனால் அதை நீங்கள்தான் சாட்சியம் வைத்துக் காட்ட வேண்டும். உரிமத்தைப் புதுப்பிக்கப் போகும்போது புத்தகத்தில் உள்ள எண்ணையும் துப்பாக்கியில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அங்கே கடைசி எண் 3-ஆ 8-ஆ என்ற சந்தேகம் வந்தால் விஷயம் காவல் நிலையத்துக்குப் போய்விடும்.

மங்கிய எண் இன்னும் படிக்க முடிகிற நிலையில் இருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் உரிமப் புத்தகத்தை வைத்து, தேதியோடு தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். படிக்க முடியவில்லை என்றால், தயவுசெய்து பஞ்ச் வைத்துத் திரும்ப அடிக்க முயலாதீர்கள், யாரிடமும் கொடுத்து அடிக்கவும் வைக்காதீர்கள். தவறுதலாகத் தேய்ந்ததற்கு விளக்கம் சொல்லலாம், திரும்ப அடித்த எண்ணுக்கு எந்த விளக்கமும் எடுபடாது. உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரை வைத்து, நடந்ததை உள்ளபடி எழுதி, அப்பா கையெழுத்தோடு நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். நம் மாவட்டத்தில் உரிமம் வழங்கும் அதிகாரி கலெக்டர்தான். நீங்களாகப் போய்ச் சொன்னதற்கும் சோதனையில் பிடிபட்டதற்கும் வித்தியாசம் நிறைய.

அடுத்தது, இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உரிமம் அப்பாவுக்கு, உங்களுக்கு இல்லை. அவர் சென்னையில் இருக்க, அலமாரிச் சாவி உங்களிடம் இருக்க, நீங்கள் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தால் அது உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்ததாகவே பார்க்கப்படும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. வீட்டு மகன்தானே என்ற சலுகை சட்டத்தில் இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது: அதே சட்டத்தின் பிரிவு 3-இல் உள்ள வரம்புரைப்படி (விதிவிலக்கு சொல்லும் பகுதி), உரிமம் உள்ளவர் கூடவே இருந்தாலோ எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தாலோ, பழுது பார்க்கவோ உரிமம் புதுப்பிக்கவோ இன்னொருவர் அதை எடுத்துப் போகலாம். ஆகவே அப்பாவிடம் துப்பாக்கியின் எண், எந்தக் கடைக்கு, எதற்காக என்பதெல்லாம் எழுதி ஒரு கடிதம் வாங்குங்கள். அவரே வந்துவிட்டால் இன்னும் நல்லது.

சரி, பாலிஷ் விஷயம். துடைப்பது, எண்ணெய் போடுவது உரிமம் உள்ளவர் செய்ய வேண்டிய பராமரிப்பு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிரிவு 5-இன்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும், மீறினால் குறைந்தது 7 ஆண்டு, ஆயுள்வரை போகலாம். பூச்சை உரித்துப் புதிதாகப் போடுவது பராமரிப்பா, பழுது பார்ப்பதா என்று வாதாட இடமிருக்கிறது. எதிர்த் தரப்பில் நின்றால் நானே இரண்டாவதைத்தான் வாதாடுவேன். இவ்வளவு கனமான தண்டனை உள்ள பிரிவில் வாதத்தை நம்பி இறங்க வேண்டாம். பழைய பூச்சை எடுக்க அமிலம் போடுவார்கள், பஃபிங் சக்கரம் எழுத்தின் விளிம்பை உருட்டிவிடும், நிக்கல் பொறித்த பள்ளத்தை நிரப்பிவிடும், ஆக எல்லா வழியும் கடைசியில் அந்த எண்ணில்தான் கை வைக்கிறது. குத்துவிளக்குக்கும் பைக் சைலன்சருக்கும் முலாம் போடுகிற பட்டறையில் ரிவால்வரைக் கொடுத்தீர்களானால், வைத்திருக்க உரிமையில்லாதவரிடம் ஆயுதத்தைக் கொடுத்தது என்று பிரிவு 29 வேறு சேரும், பாவம் அந்தப் பட்டறைக்காரரும் மாட்டுவார்.

பழுது பார்க்கும் உரிமம் உள்ள ஆயுத வியாபாரியிடம் போங்கள். விற்பனைக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவரும் உண்டு, ஆகவே உரிமத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். தோட்டாக்களைத் தனியே எடுத்துவிட்டு, உரிமப் புத்தகத்தோடு போக வேண்டும். கொடுக்கும்போது எண் எழுதிய ரசீது, திரும்ப வாங்கும்போது என்ன வேலை செய்தார் என்று எழுதிய பில், இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். எண்ணும் தொழிற்சாலைக் குறிகளும் உள்ள இடத்தைத் தொடாமல் பூச வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். பிடியின் மரத்தை மாற்றுவதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை, அதையும் அவர் கையாலேயே செய்துகொள்ளுங்கள். திருவனந்தபுரம் பக்கம்தானே என்று கிளம்பிவிடாதீர்கள்: உரிமம் எந்தப் பரப்புக்குச் செல்லும் என்று புத்தகத்திலேயே இருக்கும், அதில் கேரளம் இல்லையென்றால் அனுமதி வாங்காமல் களியக்காவிளையைத் தாண்டக் கூடாது.

துரு திரும்ப வராமல் இருக்க, ரிவால்வரைத் தோல் உறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், நமக்கோ வருஷத்தில் இரண்டு பருவமழை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 2016 ஆயுத விதிகளில் விதி 25 இருக்கிறது. உரிமம் உள்ளவருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்கு அதை மாற்றிக் கொடுக்க விண்ணப்பிக்கலாம். அப்பாவுக்கு வயது வந்துவிட்டது. அக்காவிடம் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வாங்குங்கள், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் உங்கள் பெயரில் எடுங்கள், காவல்துறை விசாரணை முடிந்து உரிமம் வந்தால் அந்த ரிவால்வரை உங்கள் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம். நம்பர் விவகாரத்தை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த விண்ணப்பத்தைப் பிறகு போடுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.