ஷ்மால்கால்டன் கூட்டணி: மதத்துக்காகவா, பதவிக்காகவா?

கேள்வி: 16-ஆம் நூற்றாண்டில் லுத்தரன் இளவரசர்கள் கூட்டணி சேர்ந்து கத்தோலிக்கப் பேரரசரோடு சண்டை போட்டது உண்மையிலேயே மதத்துக்காகவா? இல்லை, மதம் வெறும் சாக்கா?

நான் லுத்தரன் சபையில் வளர்ந்தவன். திடப்படுத்தல் வகுப்பில் (சபையில் முழு உறுப்பினராவதற்கான வகுப்பு) எங்கள் ஐயர், அதாவது போதகர், ஒருநாள் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் சிறு பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். லுத்தரன்கள் தங்கள் நம்பிக்கை என்ன என்று சொல்லி, 1530 ஜூன் 25 அன்று ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் வாசித்த அறிக்கை அது. எழுதியவர் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரின் நெருங்கிய தோழர் மெலாங்தன். ஆனால் கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை, லூத்தர் பெயரும் இல்லை. சாக்சனியின் ஜான், ஹெஸ்ஸேயின் பிலிப் என்று ஆட்சியாளர்களின் பெயர்கள். கூடவே நியூரம்பர்க், ராய்ட்லிங்கன் நகர மன்றங்கள். விசுவாச அறிக்கையில் போதகர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லையே என்று அன்றைக்குத் தொடங்கிய சந்தேகம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது. அதனால் உங்கள் கேள்வி எனக்கும் பழைய கேள்விதான்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லுத்தரனாக மாறிய இளவரசருக்கு லாபம் இருந்தது. மடங்களின் நிலம் அவர் கைக்கு வரும், ஆயரின் நீதிமன்றம் அவர் நாட்டில் செல்லாது, திருச்சபை நிர்வாகமும் அவரிடமே வந்து சேரும். ஆனால் ஆபத்தும் அதே அளவு இருந்தது. பேரரசர் ஒருவரை நாட்டுச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்துவிட்டால், அவருடைய நிலத்தையும் பட்டத்தையும் வேறு யாருக்கும் தூக்கிக் கொடுக்கலாம்.

ஆக்ஸ்பர்க் அறிக்கையை சார்லஸ் ஏற்கவில்லை. 1531 ஏப்ரல் 15-க்குள் பழைய சபைக்குத் திரும்புங்கள் என்று கெடு வைத்தார். கெடு முடியுமுன், பிப்ரவரி 27 அன்று, துரிங்கியாவில் ஷ்மால்கால்டன் என்ற சிறு ஊரில் கூட்டணி உருவானது. மதத்தின் பெயரால் ஒருவரைத் தாக்கினால் மற்ற எல்லோரும் உதவிக்கு வர வேண்டும், இதுதான் ஒப்பந்தம். சாக்சனியும் ஹெஸ்ஸேயும் தலைமை.

இதற்கு லூத்தரைச் சம்மதிக்க வைப்பது எளிதாக இருக்கவில்லை. பேரரசருக்கு எதிராக வாள் எடுப்பது பாவம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர் அவர். 1530 அக்டோபரில் டோர்காவில் சாக்சனியின் சட்ட அறிஞர்கள் அவரோடு உட்கார்ந்து வாதாடினார்கள்: அநியாயமான பலாத்காரத்தை எதிர்க்கப் பேரரசின் சட்டமே இடம் கொடுக்கிறது என்று. சட்டம் அப்படிச் சொன்னால் அது சட்ட அறிஞர்களின் விஷயம் என்று லூத்தர் ஒதுங்கிக்கொண்டார். வெறும் சாக்கு தேடிய கூட்டமாக இருந்தால் இவ்வளவு மனப்போராட்டம் தேவைப்பட்டிருக்காது.

சரி, கூட்டணி நடந்துகொண்ட விதம்? அங்கேதான் மதக்கோடு கலைந்துபோகிறது. அதே 1531-இல் கத்தோலிக்க பவேரியா லுத்தரன்களோடு ஒப்பந்தம் போட்டது. சார்லஸின் தம்பி ஃபெர்டினாண்ட் அடுத்த பேரரசராக வரக்கூடாது என்பதுதான் காரணம். பிரான்ஸின் கத்தோலிக்க மன்னர் முதலாம் பிரான்சிஸ் இவர்களுக்கு ஆசை காட்டினார். அதே காலத்தில் உஸ்மானிய சுல்தானோடும் கைகோத்தார். சார்லஸும் பதினைந்து ஆண்டுகள் கைகட்டி இருந்ததற்குப் பெருந்தன்மை காரணமல்ல. ஒருபக்கம் துருக்கியர், மறுபக்கம் பிரான்ஸ். ஜெர்மன் இளவரசர்களின் படையும் பணமும் அவருக்குத் தேவைப்பட்டன.

கூட்டணியின் முதுகெலும்பை முதலில் முறித்தது போர்க்களம் அல்ல, ஒரு கல்யாணம். பிலிப்புக்கு ஏற்கெனவே மனைவி கிறிஸ்டினாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். 1540 மார்ச்சில் மார்கரெட் என்ற பெண்ணை இரண்டாவதாக ரகசியமாக மணந்தார். லூத்தரும் மெலாங்தனும் இன்னொரு சீர்திருத்தவாதியான பூட்சரும் இதற்கு ரகசியமாக ஒப்புதல் எழுதிக் கொடுத்தார்கள். என் சபையின் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இது. பேரரசின் சட்டப்படி இருதார மணத்துக்கு மரண தண்டனை. விஷயம் வெளியே வந்ததும் பிலிப் சார்லஸின் கைக்குள் வந்துவிட்டார். மன்னிப்புக்கு விலையாக, 1541-இல், பிரான்ஸோடு கூட்டுச் சேர மாட்டேன், ஜெர்மனியின் மேற்கிலிருந்த கிளீவ்ஸ் நாட்டின் கோமகனைக் கூட்டணியில் சேர்க்க விடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். இரண்டே ஆண்டுகளில் சார்லஸ் கிளீவ்ஸைத் தனியாகப் பிடித்து அடக்கினார்.

அப்புறம் காரியங்கள் வேகமாக நகர்ந்தன. 1544-இல் பிரான்ஸோடு சமாதானம், அடுத்த ஆண்டு துருக்கியரோடு போர்நிறுத்தம். 1546 பிப்ரவரியில் லூத்தர் இறந்தார். ஜூனில் போப் மூன்றாம் பால் படையும் பணமும் தருவதாக ஒப்பந்தமானது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, சாக்சனியின் இன்னொரு கிளையை ஆண்ட மோரிஸ். அவரும் லுத்தரன்தான். சாக்சனியின் ஜானுக்குப் பின் கூட்டணித் தலைவரான அவர் மகன் ஜான் ஃபிரெடரிக்குக்கு உறவினர், பிலிப்புக்கு மருமகன். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் ஏழு பேரில் ஒருவர் என்ற பதவி ஜான் ஃபிரெடரிக்கிடம் இருந்தது. அது உனக்கு என்று சார்லஸ் சொன்னதும் மோரிஸ் அந்தப் பக்கம் போய்விட்டார்.

1547 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. எல்பே ஆற்றங்கரையில் மூல்பர்க். காலையில் கடும் மூடுபனி. ஜான் ஃபிரெடரிக் ஆராதனையில் இருந்தார். ஆறு குறுக்கே இருக்கிறதே என்ற தைரியம். ஸ்பானிய வீரர்கள் சிலர் வாளைப் பல்லில் கவ்விக்கொண்டு நீந்தி வந்து அக்கரைப் படகுகளைப் பிடித்தார்கள். ஆற்றில் ஆழமில்லாத துறையைக் காட்டிக் கொடுத்தவர் உள்ளூர் விவசாயி ஒருவர் என்றும், சாக்சனிப் படையினர் அவருடைய குதிரைகளைப் பிடுங்கிச் சென்ற ஆத்திரம்தான் காரணம் என்றும் சொல்வார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஜான் ஃபிரெடரிக் இடது கன்னத்தில் வெட்டுக்காயத்தோடு பிடிபட்டார். பிலிப்பும் ஜூனில் சரணடைந்தார். மாமனாரைச் சிறையில் போட மாட்டார்கள் என்று நம்பித்தான் மோரிஸ் அவரை வரவழைத்தார், போட்டுவிட்டார்கள். 1552-இல் அதே மோரிஸ் பிரான்ஸின் கத்தோலிக்க மன்னரோடு கூட்டுச் சேர்ந்து சார்லஸைத் திருப்பித் தாக்கினார். கீல்வாதத்தால் நடக்க முடியாத பேரரசர் இன்ஸ்ப்ருக்கிலிருந்து மலை தாண்டித் தப்ப வேண்டியதாயிற்று. அந்த அடியின் விளைவுதான் 1555-இன் ஆக்ஸ்பர்க் சமாதானம். நாட்டின் மதம் கத்தோலிக்கமா லுத்தரனா என்பதை ஆட்சியாளர் முடிவு செய்வார், பிடிக்காத குடிமக்கள் சொத்தை விற்றுவிட்டு வெளியேறலாம். கால்வினைப் பின்பற்றியவர்களுக்கு அதில் இடமே இல்லை.

மோரிஸை மட்டும் பார்த்தால் மதம் சாக்கு என்றுதான் தோன்றும். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். ஜான் ஃபிரெடரிக்கின் சிறைவாசத்தைப் பற்றிப் படித்தபோதுதான் என் எண்ணம் மாறியது.

மே மாதம் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். தீர்ப்பு வந்தபோது சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தவர், கேட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார் என்று சொல்கிறார்கள். தண்டனையை ரத்து செய்ய சார்லஸ் கேட்டதையெல்லாம் கொடுத்தார்: பதவி, லூத்தரின் ஊரான விட்டன்பர்க், நாட்டின் பெரும்பகுதி. ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. மதத்தில் கத்தோலிக்கத் திருச்சங்கம் (ஆயர்களின் பொதுப் பேரவை) எதைத் தீர்மானித்தாலும் ஏற்பேன் என்ற வாக்குறுதியைத் தர மறுத்தார். கடைசியில் சார்லஸ்தான் அந்த நிபந்தனையைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு, கத்தோலிக்க வழிபாட்டுக்குப் பெருமளவு திரும்பச் சொல்லும் இடைக்கால ஆணை வந்தது. விடுதலைக்காக பிலிப் அதற்கு இசைந்தார். ஜான் ஃபிரெடரிக் மறுத்தார். அவருடைய லுத்தரன் நூல்களைப் பறித்தார்கள். அப்போதும் அசையவில்லை. ஐந்து ஆண்டுகள் கைதியாகவே பேரரசரோடு இழுபட்டார்.

அதனால் என் பதில் இது: கூட்டணியைக் கட்டியதிலும் உடைத்ததிலும் அரசியல் நிறைய இருந்தது, ஆனால் மதம் சாக்கு அல்ல. ஒருவரிடம் விசுவாசம் இருந்ததா என்பதை அவர் யாரோடு கூட்டுச் சேர்ந்தார் என்பதை வைத்து நான் எடைபோட மாட்டேன். தோற்ற பிறகு எதைக் கொடுக்க மறுத்தார் என்றுதான் பார்ப்பேன்.

அரசவை ஓவியர் மூத்த லூக்காஸ் கிரானாக், எழுபது வயதைத் தாண்டிய நிலையில், 1550-இல் விட்டன்பர்க்கை விட்டுக் கிளம்பி, சிறையிலிருந்த தன் எஜமானிடம் போய்ச் சேர்ந்தார். 1552-இல் விடுதலையானதும் இருவரும் வைமாருக்கு வந்தார்கள். அதற்குப் பின் வரைந்த ஜான் ஃபிரெடரிக்கின் படங்களைத் தேடிப் பாருங்கள். இடது கன்னத்துத் தழும்பை மறைக்காமல் வரைந்திருப்பார்கள்.