நடிகரை விடுங்கள், எழுதியவர் யார் என்று பாருங்கள்: கொரியத் தொடர்கள் கேள்வி பதில்

கொரியத் தொடர்கள் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எந்தத் தொடரின் முக்கியத் திருப்பத்தையும் உடைக்கவில்லை. பயமில்லாமல் படிக்கலாம்.

கேள்வி: அக்கா, இதுவரை ஒரு கொரியத் தொடர்கூடப் பார்த்ததில்லை. எதில் தொடங்குவது? நண்பர்கள் எல்லாரும் ஸ்க்விட் கேம் என்கிறார்கள்.

ஸ்க்விட் கேம் நல்ல தொடர்தான், அப்புறம் பாருங்கள். முதலில் ரிப்ளை 1988. 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்தது, மொத்தம் 20 எபிசோட். சியோலில் சாங்முன்-தொங் என்ற பகுதியில் ஒரு சந்து, அந்தச் சந்தில் ஐந்து குடும்பங்கள், ஒன்றாக வளர்ந்த ஐந்து பிள்ளைகள். அவ்வளவுதான் கதை. வில்லன் கிடையாது, கொலை கிடையாது.

இரண்டாவது எபிசோடில் ஒரு சாவு வீடு வரும். பாட்டி இறந்துவிட்டார் என்று ஒரு வீட்டுப் பிள்ளைகள் துக்கத்தோடு போய்ச் சேர்கிறார்கள். அங்கே அப்பாவும் அவர் உடன்பிறந்தவர்களும் வந்தவர்களை உபசரித்துக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சொந்த அம்மா செத்துக் கிடக்கும்போது இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. பிறகு அமெரிக்காவிலிருந்து மூத்த பெரியப்பா வந்து வாசலில் நிற்கிறார். அந்த நிமிடம் எல்லாரும் உடைகிறார்கள். அதுவரை பெரியவர்களாக இருந்த அத்தனை பேரும் அம்மாவை இழந்த குழந்தைகளாகிவிடுகிறார்கள். அந்தக் காட்சி முடிந்ததும் நான் நிறுத்திவிட்டு என் அப்பாவுக்கு போன் செய்தேன். பேச விஷயம் எதுவும் இல்லை, குரலைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

ஒரு எச்சரிக்கை: ஒவ்வொரு எபிசோடும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அவ்வளவு பொறுமை இப்போது இல்லை என்றால் மூவ் டு ஹெவன் பாருங்கள். 2021இல் வந்தது, 10 எபிசோட்தான். இறந்துபோனவர்களின் அறையைச் சுத்தம் செய்து, அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களை ஒரு பெட்டியில் எடுத்து உரியவர்களிடம் சேர்க்கிற வேலை செய்யும் ஒரு பையனின் கதை.

கேள்வி: எந்த நடிகர் நடித்திருந்தால் நம்பி உட்காரலாம்?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. நடிகரை விடுங்கள், எழுதியவர் யார் என்று பாருங்கள். கொரியாவில் பெரும்பாலான தொடர்களை முதல் எபிசோடிலிருந்து கடைசி வரை ஒரே ஆள் எழுதுகிறார். விளம்பரத்திலேயே அவர் பெயர் வரும். ஒரு நாவலாசிரியரைப் போல அவருக்கென்று ஒரு குரல் இருக்கும். நல்ல நடிகர்கள் சுமாரான தொடர்களிலும் நடிக்கத்தான் செய்கிறார்கள், ஆனால் நல்ல எழுத்தாளர் உங்களை நடுவழியில் விடுவது குறைவு.

ரிப்ளை 1988ஐ எழுதியவர் லீ வூ-ஜங். சின்னச் சின்ன விஷயங்களில் பாசத்தை வைப்பவர். கிம் இயுன்-ஹீ எழுதினால் குற்றம், விசாரணை, அதிகாரத்தில் இருப்பவர்களின் அழுகல்: சிக்னல், கிங்டம் இரண்டும் அவருடையவை. காதலைப் பெரிய திரையில் வரைவதுபோல வரைய வேண்டும் என்றால் கிம் இயுன்-சுக். காப்ளின், மிஸ்டர் சன்ஷைன் இரண்டும் அவர் கையெழுத்து. அவரே பழிவாங்கலை எடுத்துக்கொண்டு எழுதியது தி க்ளோரி. நோ ஹீ-கியுங் வயதானவர்களையும் தோற்றுப்போனவர்களையும் விட்டுக்கொடுக்காமல் எழுதுவார். பார்க் ஹே-யங் களைத்துப்போன மனிதர்களை எழுதுகிறவர். லிம் சாங்-சூன் எழுதிய வென் தி கமீலியா ப்ளூம்ஸ், வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரே மனம்தான் இரண்டையும் எழுதியது என்பது பெயரைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

உங்களுக்குப் பிடித்த தொடர் ஒன்றைச் சொல்லுங்கள், அதை எழுதியவர் யார் என்று தேடி, அவருடைய அடுத்ததை எடுங்கள். பதினைந்து வருடமாக நான் இப்படித்தான் தேடுகிறேன்.

கேள்வி: மை மிஸ்டர், மை மிஸ்டர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு எபிசோட் பார்த்தேன். ஒரே இருட்டு, யாரும் பேசுவதில்லை. வயதான ஆண், சின்னப் பெண் என்று கதை போவதும் ஒரு மாதிரியாக இருந்தது. விட்டுவிடவா?

நான்கு எபிசோட் வரை போங்கள். அதற்கு மேலும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக விடலாம்.

இது காதல் கதை இல்லை. அவன் நாற்பதுகளில் இருக்கும் கட்டடப் பொறியாளர். அவள் கடனில் மூழ்கிய, இருபத்தொரு வயதுத் தற்காலிக ஊழியை. பணத்துக்காக அவனுடைய போனை ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறாள். ஒரு மனிதன் தனியாக இருக்கும்போது எப்படி மூச்சு விடுகிறான், எப்படி நடக்கிறான், யாருக்கும் தெரியாமல் எவ்வளவு தாங்குகிறான் என்பதை வேறு யாருமே கேட்டதில்லை, அவள் கேட்கிறாள். அதனால்தான் அவ்வளவு மௌனம். ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள், அவள் கேட்பதை நீங்களும் கேட்பீர்கள்.

கட்டடம் என்பது வெளியிலிருந்து வரும் விசைக்கும் உள்ளே இருக்கும் விசைக்கும் நடக்கிற சண்டை, உள்விசை பலமாக இருந்தால் எதையும் தாங்கலாம் என்று அவன் ஓர் இடத்தில் சொல்வான். தொழிலைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். 16 எபிசோடும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. கதாநாயகனாக நடித்த லீ சன்-கியுன் 2023 டிசம்பரில் இறந்துவிட்டார். அந்தக் குரலை இப்போது கேட்டால் மனம் கனத்துப்போகிறது.

கேள்வி: டப்பிங்கா, சப்டைட்டிலா?

சப்டைட்டில். கண்ணுக்குச் சிரமம் என்று தெரியும், ஆனாலும் கொரியக் குரலிலேயே கேளுங்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அந்த மொழியில் கிடைப்பது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களுக்குக் கிடைக்காது.

அப்பாவை அவர்கள் அப்பா என்றேதான் கூப்பிடுகிறார்கள். அம்மா ஓம்மா. இரண்டு மொழியும் ஒரே குடும்பமா என்ற ஆராய்ச்சி பழையது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணம் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. நான் சொல்வது வேறு விஷயம், பழக்கம். வழியில் பார்க்கும் முன்பின் தெரியாதவரையும் உறவுமுறை வைத்துக் கூப்பிடுவார்கள். மனைவி கணவனைப் பெயர் சொல்லாமல் "தொக்-சன் அப்பா" என்று பிள்ளையின் பெயரால் அழைப்பாள். நலம் விசாரிக்க "சாப்பிட்டியா?" என்பார்கள். என் வீடு, என் அம்மா என்று சொல்லாமல் "எங்க வீடு, எங்க அம்மா" என்பார்கள். சப்டைட்டிலில் இதெல்லாம் பாதி உதிர்ந்துவிடும். காது கேட்டுக்கொண்டிருந்தால் நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று முக்கியம். மரியாதைப் பேச்சு ஜொந்தேமல், உரிமைப் பேச்சு பன்மல். நம் 'நீங்க', 'நீ' போல. காதலிக்கும் இருவர் எந்தக் காட்சியில் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் சொற்றொடரே "பேச்சைக் கீழே வைப்பது" என்ற பொருளில்தான் வரும். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டுமே 'யூ' என்பதால், முத்தக் காட்சியைவிட நெருக்கமான அந்த இடம் பலருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. மை மிஸ்டரின் மூலத் தலைப்பும் 'என் அஜோஷி' என்றுதான் இருக்கிறது. உறவில்லாத நடுவயது ஆணைக் கூப்பிடும் சொல் அஜோஷி. அதில் இருக்கும் தூரமும் உரிமையும் மிஸ்டரில் இல்லை.

கேள்வி: சரித்திரத் தொடர் வேண்டும். ஆனால் இளவரசன் காதல் வேண்டாம்.

ட்ரீ வித் டீப் ரூட்ஸ். 2011, 24 எபிசோட். பழையது, சில சண்டைக் காட்சிகளில் வயது தெரியும். இருந்தாலும் மொழியை நேசிக்கும் யாரும் இதைத் தவறவிடக் கூடாது.

அரசர் சேஜோங் கொரிய எழுத்தை உருவாக்கிய கதை இது. அதுவரை எழுத்து என்றால் சீன எழுத்துதான். படித்த மேல்தட்டுக்கு மட்டுமே அது எட்டும். அரசர் 28 எழுத்துகளை அமைத்து 1446இல் நாட்டுக்கு அறிவித்தார். க் என்ற எழுத்து, நாக்கின் அடி தொண்டையை அடைக்கும் வடிவம். ம் என்பது வாயின் வடிவம். ஒலி வாயில் எங்கே பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் சொல்வதைப் படித்தவர்களுக்கு, அதையே ஒருவர் எழுத்தின் உருவமாக வரைந்துவிட்டார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

தொடர் இதைப் பாடமாக நடத்தவில்லை. அரண்மனையில் அறிஞர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். விசாரிக்க வருகிறவன் பிறப்பில் அடிமை, அரசரைக் கொல்வதாகச் சபதம் எடுத்தவன். அவனுடைய அப்பாவுக்குப் படிக்கத் தெரியாததில்தான் அந்தப் பகை தொடங்குகிறது. எளிய மக்களுக்கு எழுத்து போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறவர்களின் வாதத்தையும் வலுவாகவே வைத்திருக்கிறார்கள். அரசராக ஹான் சுக்-கியு. கோபம் வந்தால் கெட்ட வார்த்தை பேசும், தூக்கமில்லாமல் தவிக்கும் ஓர் அரசரை அவர் உருவாக்கியிருக்கிறார்.

இன்னும் பிந்திய காலத்துக் கதை வேண்டும் என்றால் மிஸ்டர் சன்ஷைன், 24 எபிசோட். 1871இல் அமெரிக்கப் படை கொரியக் கரைக்கு வந்த நாளிலிருந்து நாடு கைநழுவும் காலம் வரை. காதல் உண்டு, ஆனால் நாடு முதலில்.

கேள்வி: நல்ல துப்பறியும் தொடர்?

ஸ்ட்ரேஞ்சர், முதல் சீசன், 2017. உணர்ச்சியே காட்டாத அரசு வழக்கறிஞரும் கனிவான பெண் போலீஸும். இருவருக்கும் இடையில் காதல் கிடையாது, அதுவே பெரிய நிம்மதி. லீ சூ-யோன் எழுதிய முதல் தொடர் என்றால் நம்ப முடியாது.

அடுத்து சிக்னல், 2016. இன்றைய போலீஸ்காரர் கையில் கிடைக்கும் ஒரு பழைய வாக்கி-டாக்கியில் கடந்த காலத்துப் போலீஸ்காரரின் குரல் வருகிறது. அதில் வரும் தொடர்கொலைகளுக்கு மூலம் 1986 முதல் 1991 வரை ஹ்வாசொங் பகுதியில் நடந்த கொலைகள். தொடர் வந்தபோது உண்மைக் குற்றவாளி யாரென்றே தெரியாது, 2019இல்தான் மரபணுச் சோதனையில் தெரிந்தது. இன்று அதைப் பார்க்கும்போது, காத்திருந்த குடும்பங்களின் முகம்தான் எனக்கு முன்னால் வருகிறது. முடிவு முழுதாக மூடாது, தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: அம்மா அப்பாவோடு சேர்ந்து பார்க்க? இருவருக்கும் அறுபதுக்கு மேல்.

நவில்லேரா. எழுபது வயதில் பாலே நடனம் கற்றுக்கொள்ளக் கிளம்பும் ஒரு தாத்தா, அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய இருபத்துமூன்று வயதுப் பையன். 12 எபிசோட். அதன் பிறகு நோ ஹீ-கியுங் எழுதிய டியர் மை ஃப்ரெண்ட்ஸ். முதியவர்களை வைத்து 16 எபிசோட், யாரும் தியாகச் சிலை இல்லை, சண்டை போடுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள். அதை முடித்த வாரம் என் அம்மா தன் பள்ளித் தோழி ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசினார்.

கேள்வி: மனசு சரியில்லை. சிரிக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெல்கம் டு வைகிகி, 2018 சீசன். மூன்று நண்பர்கள், ஓடாத ஒரு விடுதி, அதற்குள் திடீரென்று ஒரு கைக்குழந்தை. இன்றைக்கே தொடங்குங்கள்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். தினமும் அவமானம். அலுவலகம் பற்றிய தொடர் ஏதாவது இருக்கிறதா அக்கா?

தம்பி, மிசேங் பார். 2014, 20 எபிசோட். யூன் தே-ஹோவின் வெப்டூனிலிருந்து, அதாவது இணையச் சித்திரக்கதையிலிருந்து வந்தது. பாதுக் என்ற கறுப்பு வெள்ளைக் காய் ஆட்டத்தில், இன்னும் சாகவில்லை, ஆனால் உயிர் உறுதியாகவும் இல்லை என்ற நிலையில் இருக்கும் காய்களை மிசேங் என்பார்கள். அந்த ஆட்டத்தில் தொழில்முறை வீரனாக முடியாமல் தோற்ற ஒருவன், கல்லூரிப் பட்டம் இல்லாமல் ஒரு பெரிய வணிக நிறுவனத்தில் பயிற்சியாளனாக நுழைகிறான். நகல் எடுக்கக்கூடத் தெரியாது. யாரும் சேர்த்துக்கொள்வதில்லை.

தொடக்கத்திலேயே ஓர் இரவு, அவனைத் திட்டிக்கொண்டே இருந்த மேலதிகாரி குடித்துவிட்டு வேறு துறைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்: உங்கள் ஆள் செய்த தப்புக்கு எங்க பையன் திட்டு வாங்கினான் என்று. அந்த 'எங்க' என்ற ஒரு சொல்லைக் கேட்டு அவன் முகம் மாறும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தச் சொல்லுக்காக ஏங்கியிருக்கிறேன். உனக்கும் அதைச் சொல்ல ஒருவர் வர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன். அதுவரை இரவில் ஓர் எபிசோட் போதும், தூக்கத்தை விடாதே.

கேள்வி: அருமையாகப் போகும் தொடர்கள் கடைசி இரண்டு எபிசோடில் ஏன் சொதப்புகின்றன?

பல வருடங்கள் அங்கே ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே படப்பிடிப்பும் நடந்தது. வாரம் இரண்டு எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். வசனத்தாள் படப்பிடிப்பு அன்று துண்டு துண்டாக வந்து சேரும். கடைசி வாரங்களில் யாருக்கும் தூக்கம் இருக்காது, பார்வையாளர்களின் விருப்பமும் கதைக்குள் நுழையும். 2016இல் டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன் முழுக்க எடுத்து முடித்த பிறகே ஒளிபரப்பாகிப் பெரும் வெற்றி பெற்றது. இப்போது முன்கூட்டியே எடுப்பது அதிகமாகிவிட்டது. ஆனாலும் "ஓராண்டு கழித்து" என்று எழுத்துப் போட்டு எல்லாரையும் சேர்த்துவைக்கும் அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

கேள்வி: ரிப்ளை 1988 நேற்று முடித்தேன். வீட்டை விட்டு வந்ததுபோல இருக்கிறது. வேறு எதைப் போட்டாலும் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுகிறேன்.

ஒரு வாரம் எதையும் தொடங்காதீர்கள். அந்தச் சந்து இன்னும் உங்களுக்குள் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு கதையைக் கொட்ட வேண்டாம். பிறகு முதல் எபிசோடை மட்டும் திரும்பப் பாருங்கள். யார் யாரை எப்போது திரும்பிப் பார்த்தார்கள் என்பது முதல் தடவை தெரிந்திருக்காது, இப்போது தெரியும்.

அப்புறம் ஹாஸ்பிடல் பிளேலிஸ்ட். அதே லீ வூ-ஜங், அதே இயக்குநர் ஷின் வோன்-ஹோ. 1999இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த ஐந்து நண்பர்கள் நாற்பது வயதில் ஒரே மருத்துவமனையில். 2020இலும் 2021இலும் இரண்டு சீசன், சீசனுக்கு 12 எபிசோட். வழக்கமான இரண்டுக்குப் பதில், வாரம் ஒரே ஒரு எபிசோடாக, வியாழக்கிழமை இரவில் ஒளிபரப்பினார்கள். நீங்களும் அப்படியே பாருங்கள், ஆறு மாதம் வரும்.