குழலை மாற்றினால் தோட்டாச் செலவு குறையுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி தோட்டாச் செலவைப் பற்றித்தான். கேட்டவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் குடியேறிய நம்மூர்ப் பிள்ளைகள், மீதிப் பேர் மேலூர், உசிலம்பட்டி, தேனிப் பக்கம். ரெண்டு இடத்துச் சட்டத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டாலஸ்காரருக்குச் சொன்னதைப் படித்துவிட்டு மேலூர்க்காரர் கை வைத்துவிடக் கூடாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவனாக இருந்து 9 எம்எம் பிஸ்டலையும் கார்பைனையும் பிரித்துப் பூட்டியே வயசைக் கழித்தவன். அமெரிக்கத் துப்பாக்கிகள் பழக்கமானது மகள் வீட்டுக்கு டெக்ஸாஸ் போய்வந்தபோது, மருமகன் புண்ணியத்தில்.

அண்ணே, சொந்த ஊர் திருப்பரங்குன்றம், இப்போது டாலஸில் இருக்கிறேன். என்னிடம் இருப்பது க்ளாக் 23 பிஸ்டல், அதாவது .40 அங்குலத் தோட்டா. மாசா மாசம் தோட்டாவுக்கே காசு கரைகிறது. 9 எம்எம் குழல் மட்டும் வாங்கிப் போட்டால் போதும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான் தம்பி, ஆனால் "மட்டும்" என்பதில்தான் வம்பு. நம் வீட்டு இட்லிக் கொப்பரையில் இட்லித் தட்டை எடுத்துவிட்டு இடியாப்பத் தட்டைப் போடுகிறோம் இல்லையா, தட்டு கொப்பரையின் விட்டத்துக்குப் பொருந்தினால்தான் வேகும். இதுவும் அப்படித்தான். .40 தோட்டாவின் அடிவிளிம்பு 10.77 மில்லிமீட்டர், 9 எம்எம் தோட்டாவுக்கு 9.96. உங்கள் ஸ்லைடின் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்புகிற மேல்பாகம்) முகம் பெரியதற்காகக் கடைந்தது, அதில் சின்னது கொஞ்சம் தாராளமாக உட்கார்ந்துகொள்ளும், காலிக் கூட்டை இழுக்கிற எக்ஸ்ட்ராக்டர் கொக்கியும் பெரும்பாலும் எட்டிப் பிடித்துவிடும். இதே வேலையைத் தலைகீழாக, 9 எம்எம் துப்பாக்கியில் .40 குழலைப் போட்டுச் செய்ய முடியாது. முகத்துக்குள் தோட்டா நுழையவே இடமில்லை. அதனால்தான் பெரியதை வாங்கியவனுக்குச் சின்னதுக்கு இறங்க வழி இருக்கிறது, சின்னதை வாங்கியவனுக்கு ஏற வழியில்லை.

வாங்க வேண்டியது கன்வர்ஷன் குழல். வெளியே .40 குழலின் அளவு, உள்ளே 9 எம்எம் துளை, அப்படி இதற்கென்றே செய்து விற்கிறார்கள். யாரோ கழற்றி விற்கிற க்ளாக் 19 குழலை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிப் போடாதீர்கள். அப்புறம் மேகசின், தோட்டா அடுக்குகிற பெட்டி. உங்கள் பழைய மேகசினின் உதடு அகலம், 9 எம்எம் தோட்டா அதில் பிடிப்பில்லாமல் கிடக்கும், நாலு ரவுண்டு ஒழுங்காக ஏறிவிட்டு அஞ்சாவதில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். க்ளாக் 19-இன் மேகசின் உங்கள் பிடிக்குள் சரியாகப் போகும், அதில் ரெண்டு வாங்குங்கள். மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது ஸ்லைடைப் பற்றி. தோட்டா உட்காரும் அறையில் எழும் அழுத்தத்தின் உச்சவரம்பு இரண்டுக்கும் ஒன்றுதான், சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. ஆனால் .40 தள்ளுவது 165, 180 கிரெய்ன் (எடை அளவு) குண்டு, பழகுவதற்கு விற்கிற 9 எம்எம்மில் இருப்பதோ 115. கனத்த குண்டின் உதைக்கென்று அமைத்த ஸ்லைடுக்கு இந்த உதை போதாமல் அது பாதி தூரம் போய்த் திரும்பி, காலிக் கூடு வாசலிலேயே மாட்டிக்கொள்ளலாம். அப்படி நடந்தால் 124 கிரெய்னுக்கு மாறிப் பாருங்கள்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். குழல் 120 டாலர், ரெண்டு மேகசின் 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். தோட்டாவுக்குத் தோட்டா 10 சென்ட் மிச்சம் என்றால் போட்ட முதல் திரும்ப 1,800 தோட்டா சுட வேண்டும். மாசத்துக்கு 100 சுடுகிறவருக்கு ஒன்றரை வருஷம். வாரா வாரம் 200 சுடுகிறவருக்கு ஒன்பதே வாரம். உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டு நீங்களே பெருக்கிப் பாருங்கள். மாசத்துக்கு ஒரு பெட்டி சுட்டுவிட்டு மிச்சப்படுத்துகிறேன் என்று 180 டாலரை எடுத்து வைப்பது, கறிவேப்பிலைக் காசை மிச்சம் பிடிக்க ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி போகிற கதை.

இன்னொன்று, இதை நான் கண்ணால் பார்த்தேன். மருமகன் போகிற ரேஞ்சில் ஒருத்தர் மேசையில் ரெண்டு குழல், ரெண்டு பெட்டித் தோட்டா, எல்லாம் கலந்து பரப்பி வைத்திருந்தார். .40 குழல் இருக்கும்போது 9 எம்எம் ஏறிவிட்டது. வெடித்தது, ஆனால் சத்தம் நமத்துப்போன ஓலைவெடி மாதிரி இருந்தது. வெளியே வந்த கூட்டை எடுத்து எனக்குக் காட்டினார், பித்தளை வாயிலிருந்து அடிவரை பனங்கிழங்கைப் பிளந்த மாதிரி நீளமாகக் கிழிந்து, விளிம்பில் கரி அப்பியிருந்தது. குண்டு இலக்குப் பலகையிலேயே படவில்லை. குழல் துளைக்கும் குண்டுக்கும் நடுவே சந்து இருந்தால் வாயு பக்கவாட்டில் ஓடிவிடும், கூட்டைத் தாங்க அறைச் சுவரும் அருகில் இருக்காது. அன்றைக்கு யாருக்கும் காயமில்லை, அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு அளவு, ஒரே பெட்டி. இன்னொன்று காருக்குள் பூட்டி இருக்கட்டும்.

ஹூஸ்டனிலிருந்து கேட்கிறேன், பூர்வீகம் சோழவந்தான். என் பிஸ்டல் .357 சிக். எனக்கும் 9 எம்எம் குழல்தானா?

உங்களுக்கு அதைவிட லேசான வழி இருக்கிறது. 1994-இல் வந்த .357 சிக், .40-இன் உருவத்தை வைத்துக் கழுத்தைக் குறுக்கிச் செய்தது, அடிவிளிம்பு ஒன்றேதான். அதனால் உங்கள் மாடலுக்கென்று செய்த .40 குழலைப் போட்டால் பெரும்பாலான மாடல்களில் மேகசின், ஸ்பிரிங், கொக்கி எதையும் தொட வேண்டாம். மிச்சமும் கிடைக்கும், .357 சிக் எப்போதுமே விலை கூடுதல், கடையில் தேடியும் பிடிக்க வேண்டும்.

ஐயா, எனக்கு மேலூர் பக்கம் தோப்பு இருக்கிறது, .32 ரிவால்வருக்கு லைசென்ஸ் உண்டு. தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. இதையே .22 ஆகவோ 9 எம்எம் ஆகவோ மாற்றிக்கொள்ள முடியுமா? தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது.

அண்ணே, அந்தப் பட்டறை வாசலில்கூட இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியின் உதிரிபாகமும் துப்பாக்கிதான். தனியாக ஒரு குழல் உங்கள் பீரோவில் கிடந்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. உரிமம் இல்லாத ஆள் துப்பாக்கியை உருமாற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 7 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் வரை தண்டனை. தோட்டாவில் மிச்சம் பிடிக்கப் போய் தோப்பை விற்று வக்கீலுக்குக் கொடுப்பீர்கள். 9 எம்எம்மைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட 'போர்' (bore, குழல் துளை அளவு), சாதாரண லைசென்ஸில் வராது. ராணுவம், போலீஸ் வைத்திருப்பது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

சட்டத்தை விடுங்கள், இயந்திரமாகப் பார்த்தாலும் ரிவால்வரில் இது நடக்காது. பிஸ்டலில் தோட்டா உட்காரும் அறை குழலோடு சேர்ந்தே வருகிறது, குழலை மாற்றினால் அறையும் மாறும். ரிவால்வரில் அறை சிலிண்டரில் இருக்கிறது, குழல் வேறு. குழலை மட்டும் மாற்றினால் சட்டையை மாற்றிவிட்டு ஆளே மாறிவிட்டான் என்கிற மாதிரி.

உங்களுக்கு நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம் வேறு. ".32" என்று பெட்டியில் போட்டிருந்தால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். கான்பூர் ரிவால்வர் சாப்பிடுவது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், 1896-இலிருந்து இருக்கிற தோட்டா. இஷாப்பூரில் செய்கிற அஷானி பிஸ்டல் சாப்பிடுவது .32 ஏசிபி, 7.65 என்றும் சொல்வார்கள். நீளத்தில் ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம், ஏசிபி குட்டை. ஆனால் சில ரிவால்வர்களின் சிலிண்டரில் இந்தக் குட்டைத் தோட்டா போய் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. லாங்கின் அழுத்தம் 15,000 பவுண்டு வரை, ஏசிபி 20,500 வரை போகும். பக்கத்துத் தோப்புக்காரரிடம் பிஸ்டல் இருக்கிறது, ஒரு பத்து ரவை கடன் வாங்கிக்கொள்ளலாம் என்று போய்விடாதீர்கள். அடுத்தவர் லைசென்ஸில் வாங்கிய தோட்டா உங்கள் கையில் இருந்தால் அதுவே தனிக் குற்றம்.

விலை கட்டுப்படியாகவில்லை என்கிறீர்கள். காவலுக்கு வைத்திருக்கிற ரிவால்வரில் வருஷத்துக்கு எத்தனை சுடப்போகிறீர்கள்? எவ்வளவு வாங்கலாம் என்பது லைசென்ஸ் புத்தகத்திலேயே அச்சாகியிருக்கும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு திரும்பப்போகிறீர்கள். இதற்கு மலிவுத் தோட்டா தேவையில்லை, நமத்துப்போகாத தோட்டா போதும். இடுப்பு பெல்ட்டில் வியர்வை படப் படச் செருகி வைத்ததைக் காவலுக்கு நம்பாதீர்கள்.

எங்கள் வீடு திருப்பாலையில். மகள் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் மாநிலப் போட்டி வரை போய்விட்டாள். அடுத்து 25 மீட்டருக்குப் போக வேண்டுமாம். ஒரே பிஸ்டலில் .22, .32 ரெண்டும் மாற்றிப் போடுகிற மாதிரி வாங்கினால் லாபம் என்று ஒருத்தர் சொல்கிறார். வாங்கலாமா?

அம்மா, அவர் சொன்ன பிஸ்டல் உண்மையிலேயே இருக்கிறது, நல்ல சாமானும்கூட. வால்தர் ஜிஎஸ்பி, இத்தாலிக்காரன் பார்டினி, இவையெல்லாம் .22, .32 ரெண்டிலும் வரும், மேல்பாகத்தையும் மேகசினையும் மாற்றிக்கொள்ளலாம். பிடி அதே மரம்தான், உள்ளங்கைக்குச் செதுக்கியது. சென்டர் ஃபயர் (ஊசி தோட்டாவின் அடி நடுவில் அடிக்கிற வகை) போட்டிக்காரர்கள் நாள் முழுக்க மலிவான .22-இல் கையைப் பழக்கிவிட்டு, கடைசி நாட்களில் .32-ஐ எடுப்பார்கள். குழல் மாற்றி மிச்சம் பிடிப்பது என்றால் என் கணக்கில் இதுதான் அசல்.

ஆனால் உங்கள் மகளுக்கு .32 எதற்கு? 25 மீட்டர் சென்டர் ஃபயர் சர்வதேசப் போட்டிகளில் ஆண்கள் பிரிவில் மட்டும் இருக்கிறது, 7.62-இலிருந்து 9.65 மில்லிமீட்டர் வரைக்கும் உள்ள துளை அளவு. 25 மீட்டர் ஸ்போர்ட்ஸ் பிஸ்டல், பெண்கள் சுடுவது, முழுக்க முழுக்க .22. முதல் பாதி 30 துல்லியச் சுற்று, பின்பாதி 30 வேகச் சுற்று. 2024 பாரிஸில் மனு பாக்கர் நாலாவதாக வந்தது இதில்தான், ஏர் பிஸ்டலில் வாங்கிய ரெண்டு வெண்கலம் வேறு. விற்கிறவருக்கு ரெண்டு யூனிட் விற்றால் கமிஷன் கூடுதல், அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காசை .22 தோட்டாவுக்கும் பயணத்துக்கும் வையுங்கள். .22-க்கு லைசென்ஸ் வேண்டும் என்பதால் அது கைக்கு வரும்வரை கிளப் துப்பாக்கியில் பழகட்டும், ஏர் பிஸ்டலை ஓரம் கட்டவே வேண்டாம், விசை இழுக்கும் விரலை வளர்ப்பது அதுதான்.

நியூஜெர்சியிலிருந்து. மாமனார் கொடுத்த .357 மேக்னம் ரிவால்வர். மேக்னம் தோட்டா விலையும் அதிகம், கையும் வலிக்கிறது.

ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். .38 ஸ்பெஷலைப் போட்டுச் சுடுங்கள். 1930-களில் மேக்னத்தை உருவாக்கியபோது .38 ஸ்பெஷல் கூட்டைத்தான் மூன்று மில்லிமீட்டர் சொச்சம் நீட்டினார்கள், பழைய பலவீனமான ரிவால்வரில் புதுசு நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் நீளமான அறையில் குட்டை போகும், குட்டை அறையில் நீளம் போகாது. ஒரே ஒரு வேலை, .38 நிறையச் சுட்டபின் சிலிண்டர் அறைக்குள் கூடு முடிகிற இடத்தில் கரி வளையம் கட்டும். தேய்க்காமல் விட்டால் அடுத்த தடவை மேக்னம் தோட்டா முழுசாக இறங்காமல் அடம் பிடிக்கும். பிரஷ் போட்டு நாலு தேய், முடிந்தது. மாமனார் கொடுத்தது என்கிறீர்கள், நியூஜெர்சியில் கைமாறும் காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை.

தேனியிலிருந்து: .45, .40, 9 எம்எம், இதில் எதற்குப் பவர் ஜாஸ்தி?

இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. அமெரிக்க எஃப்பிஐக்காரர்கள் 1986-இல் மயாமியில் நடந்த ஒரு மோதலில் ஆட்களை இழந்த பிறகு 9 எம்எம் போதாது என்று பெரியதைத் தேடி, முதலில் 10 எம்எம் எடுத்தார்கள், உதை தாங்காமல் அதைக் குறைக்க, 1990-இல் .40 வந்தது. வருஷக் கணக்கில் ஓட்டிவிட்டு மறுபடி 9 எம்எம்முக்கே திரும்பினார்கள். அதற்குள் குண்டுகளும் நன்றாகி இருந்தன, உதை குறைந்தால் ஆட்கள் குறி தவறாமல் சுடுகிறார்கள் என்பதையும் கண்டுகொண்டார்கள். தேனியில் உங்களுக்கு இந்த மூன்றுமே கிடைக்கப்போவதில்லை, விட்டுத் தள்ளுங்கள்.

ஒரு தோட்டாகூடச் செலவில்லாமல் பழக வழி உண்டா? (திருமங்கலம்)

உண்டு, எனக்குப் பிடித்ததே அதுதான். துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கியின் தோட்டா அறையை விரல் விட்டும் பார்த்து, பின்னால் கெட்டிச் சுவர் இருக்கிற பக்கமாக வெறும் விசை இழுங்கள். .32-க்கு டம்மித் தோட்டா கிடைத்தால் போடுங்கள், தோட்டாவை அடிக்கிற ஊசிக்கு நல்லது. .22-இல் மட்டும் செய்யும் கம்பெனி அனுமதித்தாலொழிய வெறுமனே இழுக்காதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் போய் அடித்துப் பள்ளம் விழும், அப்புறம் தோட்டா இறங்காது.

குழல் முனைப் பக்கத்து முன்குறி தட்டையாக இருந்தால் அதன் மேல் ஒரு நாணயம் வையுங்கள். விசை விழும்போது காசு விழக் கூடாது. நான் பழைய சின்ன இருபத்தைந்து பைசா வைத்திருக்கிறேன், தினமும் சாயந்திரம் முப்பது தடவை. பதினைந்தாவதுக்கு மேல் தோள் நடுங்க ஆரம்பிக்கும், காசு சிமெண்ட் தரையில் உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடும். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா, "இன்னைக்கு எத்தனாவதுல?" என்பாள்.