வாசகர் கேள்வி பதில்: இளைஞர் ஓட்டு எதை மாற்றுகிறது?

இந்த மாதம் சுங்கை சிப்புட் பக்கத்து வாசகர்கள் சிலர் அமெரிக்கத் தேர்தலைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எல்லாக் கேள்வியும் இளைஞர் ஓட்டையே சுற்றி வருவதால் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கே: அண்ணே, அமெரிக்காவில் யாராவது ஜெயித்தால் "இளைஞர்கள் வந்து ஓட்டுப் போட்டார்கள்" என்கிறார்கள், தோற்றால் "இளைஞர்கள் வரவில்லை" என்கிறார்கள். நிஜமாகவே அவர்கள் ஓட்டு முடிவை மாற்றியிருக்கிறதா, இல்லை சும்மா பேச்சுதானா?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

ப: மாற்றியிருக்கிறது தம்பி, ஆனால் சொல்லப்படுகிற அத்தனை முறையும் இல்லை. இரண்டு விஷயம் ஒன்றுசேர வேண்டும். இளைஞர்கள் நிறைய வர வேண்டும், வந்தவர்கள் ஒரே பக்கம் பலமாகச் சாய வேண்டும். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

1972-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு 18 வயதுப் பையனை வியட்நாம் போருக்குக் கட்டாயமாக அனுப்பலாம், ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் அவன் ஓட்டுப் போட 21 வயதாக வேண்டும். இந்த அநியாயத்தைக் கேட்டுக் கேட்டு, 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆவது திருத்தம் வந்து வாக்குரிமை வயது 18 ஆனது. அடுத்த ஆண்டே அதிபர் தேர்தல். போரை எதிர்த்த மெக்கவர்னுக்குத்தான் இளைஞர் ஓட்டு மொத்தமும் போகும் என்று அவர் கட்சியினர் நம்பினார்கள். 30 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிக்கு மேல் வந்தும் விட்டார்கள். ஆனால் ஓட்டு ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தது, நிக்சன் 50 மாநிலங்களில் 49-ஐ எடுத்துக்கொண்டு போனார்.

2008 வேறு கதை. 30 வயதுக்குட்பட்டவர்களில் 66% ஒபாமாவுக்கு, 32% மெக்கெய்னுக்கு. வட கரோலினாவில் ஒபாமா ஜெயித்தது சுமார் 14,000 ஓட்டில், இந்தியானாவில் சுமார் 28,000 ஓட்டில். இந்த இரண்டு மாநிலமும் இளைஞர்கள் கொடுத்தவை என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் இரண்டும் போயிருந்தாலும் அவர் அதிபர் ஆகியிருப்பார், அதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

என் கணக்கில் இளைஞர் ஓட்டு உண்மையாகவே நாற்காலியைக் காப்பாற்றியது 2012-இல். அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள். ஃப்ளோரிடா, ஒஹாயோ, பென்சில்வேனியா, வர்ஜீனியா ஆகிய நான்கு மாநிலங்களில் 30 வயதைத் தாண்டியவர்களிடம் ஒபாமாவுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை, கீழே உள்ளவர்கள்தான் தூக்கிவிட்டார்கள். அங்கே மாநிலத்துக்கு இத்தனை தேர்வர் என்று மொத்தம் 538 பேர், 270 எடுத்தவர் அதிபர். அவருக்குக் கிடைத்தது 332. இந்த நான்கு மாநிலங்களின் 80-ஐக் கழித்தால் 252 மிஞ்சும். அவ்வளவுதான், வீட்டுக்குப் போயிருப்பார்.

2020-ஐப் பற்றிப் பேசும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஜோர்ஜியாவில் பைடன் 11,779 ஓட்டில், அரிசோனாவில் 10,457 ஓட்டில் ஜெயித்தார். இவ்வளவு குறுகிய வித்தியாசம் என்றால் இளைஞர்கள், கறுப்பின வாக்காளர்கள், புறநகர்ப் பெண்கள் என்று எந்தக் கூட்டமும் "நாங்கள்தான் ஜெயிக்க வைத்தோம்" என்று சொல்லலாம், எல்லாருமே சொல்வது சரியாகவும் இருக்கும். அதனால் "யார் ஜெயிக்க வைத்தார்" என்று கேட்பதை விட, "போன முறையை விட யார் அதிகமாக வந்தார்" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு இளைஞர்கள் ஒரு நல்ல பதில். 2016-இல் 30 வயதுக்குட்பட்டவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் வந்தார்கள் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு, 2020-இல் பாதிப் பேர் வந்தார்கள்.

கே: ஐயா, நாங்கள் விடியற்காலையில் ரப்பர் மரம் வெட்டி, பாலைக் கொட்டிவிட்டு, குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுப் போட நடந்தே போன ஆட்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சோம்பேறித்தனம். அமெரிக்காவிலும் அதே கதைதான் போலிருக்கிறது?
– ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி, எல்பில் தோட்டம்

ப: ஐயா, உங்கள் தலைமுறை ஓட்டுக்குக் கொடுத்த மரியாதையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் "சோம்பேறி" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2014-இல் அமெரிக்காவில் நடந்த இடைக்காலத் தேர்தலில் (அதிபரின் பதவிக்காலத்துக்கு நடுவே நாடாளுமன்றத்துக்கு நடப்பது) 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார். அடுத்த இடைக்காலத் தேர்தல் 2018-இல். அதில் அந்த எண்ணிக்கை 36% ஆனது. சோம்பேறித்தனம் நான்கு வருடத்தில் இப்படித் தீருமா? 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லண்டில் ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்து 17 பேர் செத்தார்கள், பிழைத்த மாணவர்களே தெருவில் இறங்கி நாடு முழுக்க ஆட்களை வாக்காளர்களாகப் பதிய வைத்தார்கள். டிரம்ப் மேல் கோபம் ஒரு பக்கம், ஆதரவு ஒரு பக்கம். காரணம் கிடைத்தபோது பிள்ளைகள் வந்தார்கள். அந்த வருடம் நாடாளுமன்றக் கீழவை, ஒபாமா, பைடன் ஆகியோரின் கட்சியான டெமாக்ரட்டுகள் கைக்குப் போனதில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

காரணம் மட்டும் போதாது, வழியும் வேண்டும். அங்கே பல மாநிலங்களில் நீங்களாகப் போய்ப் பதிந்தால்தான் பட்டியலில் பெயர் வரும், சில மாநிலங்களில் தேர்தலுக்கு 30 நாளுக்கு முன்பே பதிவை மூடிவிடுவார்கள். நம்மைப் போன்றவர்கள் ஒரு வீட்டில் இருபது வருடம் இருப்போம், ஒரு தடவை பதிந்தால் வேலை முடிந்தது. இருபது வயதுப் பிள்ளை படிப்புக்கு ஓர் ஊர், வேலைக்கு ஓர் ஊர், வாடகை ஏறினால் இன்னோர் ஊர் என்று போகும், ஒவ்வொரு முறையும் முகவரியை மாற்றிப் பதிய வேண்டும். டெக்சஸில் ஓட்டுச்சாவடியில் அடையாளத்துக்குத் துப்பாக்கி உரிமத்தைக் காட்டலாம், பல்கலைக்கழக மாணவர் அட்டையைக் காட்ட முடியாது. அதே டெக்சஸில் வாலர் என்ற மாவட்டத்தில், கறுப்பின மாணவர்கள் படிக்கும் ப்ரெய்ரி வியூ கல்லூரிப் பிள்ளைகளை "நீங்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை" என்று சொல்லிப் பதிய விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், படிக்கும் ஊரிலேயே ஓட்டுப் போடலாம் என்பது 1979-இல்தான் உறுதியானது. இத்தனைக்கும் மேலே, தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை. 1845-இல் குதிரை வண்டியில் வரும் விவசாயிகளுக்காகப் போட்ட சட்டம் அது, இன்னும் மாறவில்லை, நாடு முழுக்க விடுமுறையும் கிடையாது. மணிக்கணக்குச் சம்பளத்தில் கடையில் நிற்கும் பிள்ளை என்ன செய்யும்?

மினசோட்டாவில் ஓட்டுப் போடும் அன்றைக்கே போய்ப் பதியலாம். அங்கே இளைஞர் வருகை எப்போதும் மேல் வரிசையில்தான் இருக்கிறது. பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன்பு கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள் ஐயா, நான் கேட்பது அதைத்தான்.

கே: நம் மலேசியாவில் 2022 பொதுத்தேர்தலில் 74% பேர் ஓட்டுப் போட்டார்கள். அமெரிக்க இளைஞர்கள் பாதிப் பேர் வந்ததையே கொண்டாடுகிறார்கள். அப்படியென்றால் நாம்தானே மேல்?
– ஆசிரியை, சுங்கை சிப்புட்

ப: இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை டீச்சர். நம் 74% என்பது வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்பது. அமெரிக்கக் கணக்கில் பெரும்பாலும் ஓட்டுரிமை உள்ள குடிமக்கள் அத்தனை பேரையும் வைத்து வகுப்பார்கள், பதியாதவரும் அதில் வந்துவிடுவார். அப்புறம், நம்முடையது எல்லா வயதினரையும் சேர்த்த எண்.

நம் நாட்டுக்குள்ளேயே ஒப்பிட்டாலும் இந்த எண் ஏமாற்றும். 2018-இல் 82%, 2022-இல் 74% என்றதும் "மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது" என்று பலர் எழுதினார்கள். ஆனால் பட்டியலில் இருந்தவர்கள் 1 கோடியே 49 லட்சத்திலிருந்து 2 கோடியே 11 லட்சமாகிவிட்டார்கள். 2019 ஜூலையில் மக்களவையில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்க்காமல் 211 பேரும் ஆதரித்த திருத்தம், 2021 டிசம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. 18 வயதில் ஓட்டு, பதிவும் தானாகவே. அதனால் விகிதம் இறங்கினாலும் சாவடிக்கு வந்த தலைகள் 30 லட்சத்துக்கு மேல் கூடின. இது நமக்குப் பெருமைப்பட வேண்டிய விஷயம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சீர்திருத்தத்தை நாம் ஒரே நாளில் ஒருமனதாகச் செய்திருக்கிறோம்.

கே: காஸாவுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அவ்வளவு போராட்டம் நடந்தது. பிறகு எப்படி 2024-இல் டிரம்பின் இளைஞர் ஓட்டு கூடியது?
– வங்கி ஊழியர், கோலகங்சார்

ப: நல்ல கேள்வி, நானும் இதை ரொம்ப யோசித்திருக்கிறேன். கூடாரம் போட்டு உட்கார்ந்த மாணவர்களின் மனசாட்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள்தான் அமெரிக்க இளைஞர்கள் அத்தனை பேரும் என்று நாம் இங்கிருந்து நினைத்துக்கொண்டோம். கல்லூரிக்கே போகாமல் சரக்குக் கிடங்கிலும் பட்டறையிலும் வேலை செய்யும் பிள்ளைகள் ஏராளம், அவர்களை டிவியில் காட்டவில்லை. இளைஞர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளில் விலைவாசி, வீட்டு வாடகை, வேலை இவைதான் முன்னால் நின்றன. கமலா ஹாரிஸுக்கு இளைஞர்களில் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது, நான்கு வருடத்துக்கு முன்பு பைடனுக்குக் கிடைத்ததை விட அது நன்றாகக் குறைவு. ஆண்களும் பெண்களும் எதிரெதிர்த் திசையில் போனார்கள். டிரம்பிடம் போனவர்கள் பெரும்பாலும் பையன்கள்.

காஸா எதையும் மாற்றவில்லை என்றும் சொல்ல மாட்டேன். மிச்சிகனில் 2024 பிப்ரவரியில் நடந்த டெமாக்ரட் கட்சியின் உள்தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு "யாருக்கும் இல்லை" என்ற கட்டத்தில் விழுந்தது. அரபு அமெரிக்கர்கள் நிறைந்த டியர்போர்ன் நகரில் நவம்பரில் டிரம்ப்தான் முதலிடம். ஆனால் மாநிலத்தையே டிரம்ப் சுமார் 80,000 ஓட்டில் எடுத்தார், அதற்கு டியர்போர்ன் மட்டும் காரணம் இல்லை.

இளைஞர் ஓட்டு தங்கள் சொத்து என்று எந்தக் கட்சி நினைத்தாலும் அடி வாங்கும். நம் நாட்டிலும் பார்த்தோமே. 18 வயது வாக்குரிமைக்குப் பாடுபட்டவர்கள் தொடங்கிய மூடா கட்சிக்கு 2022-இல் கிடைத்தது மூவார் என்ற ஒரே ஒரு நாடாளுமன்றத் தொகுதி. மலாய் இளைஞர்கள் பெரிய அளவில் பெரிக்காத்தான் கூட்டணி பக்கம் போனார்கள். அதற்காக வாக்குரிமை கொடுத்ததே தவறு என்று சிலர் பேசியது எனக்கு வருத்தமாக இருந்தது. நமக்குப் பிடித்த மாதிரி ஓட்டுப் போடுவார்கள் என்று நினைத்தா கொடுத்தோம்?

கே: நம்முடையது சின்ன ஊர், ஒரு ஓட்டில் என்ன வந்துவிடப் போகிறது?
– பெயர் வேண்டாம் என்றவர், சுங்கை சிப்புட்

ப: 2000-இல் ஃப்ளோரிடாவில் 537 ஓட்டில் அமெரிக்க அதிபர் யார் என்பது முடிவானது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1974-இலிருந்து நம் தொகுதியைக் கையில் வைத்திருந்த சாமிவேலு 2008-இல் ஜெயக்குமாரிடம் தோற்றது 1,821 ஓட்டில். ஒரு நடுத்தரத் தாமானில், அதாவது ஒரு குடியிருப்புப் பகுதியில், இருக்கும் ஆட்கள் அளவுதான் அது.

கே: என் மகனுக்கு 18 முடிந்துவிட்டது, ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. அவன் எங்கும் போய்ப் பதியவில்லை. அவனுக்கு ஓட்டு இருக்கிறதா, எங்கே போட வேண்டும்?
– தாயார், சுங்கை சிப்புட்

ப: இருக்கிறது அம்மா, தானாகவே வந்திருக்கும். அமெரிக்கத் தாய்மார்களில் பலருக்கு இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. ஐசியில் (அடையாள அட்டையில்) என்ன முகவரியோ அங்கேதான் ஓட்டு. உங்கள் வீட்டு முகவரி என்றால் அவன் தேர்தலன்று ஊருக்கு வர வேண்டும், தொழிற்சாலையில் வேலை செய்பவருக்கு அஞ்சல் ஓட்டு கிடைக்காது. நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் வெளியூரில் இருப்பதால் எனக்குப் பெரிய கவலையே இதுதான். பதிவுக் கதவைத் திறந்துவிட்டோம், பயணத்தை இன்னும் அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். 2018-இல் புதன்கிழமை தேர்தல் என்று அறிவித்தபோது பொதுமக்களே கார் ஏற்பாடு செய்து, பஸ் டிக்கெட்டுக்குப் பணம் போட்டு முன்பின் தெரியாத பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். அதை ஒவ்வொரு முறையும் எதிர்பார்க்க முடியாது. உள்நாட்டில் வெளியூரில் இருப்பவர்களுக்கும் அஞ்சல் ஓட்டு கொடுக்க வேண்டும் என்று உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

அவன் ஷா ஆலாமிலேயே நிலைத்துவிடுவான் என்றால் முதலில் ஐசி முகவரியை மாற்றிவிட்டு, அப்புறம் தேர்தல் ஆணையத்திடம் தொகுதி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் நடக்காது, இப்போதே செய்ய வேண்டும். இப்போது எந்தத் தொகுதியில் பெயர் இருக்கிறது என்று பார்க்க, ஆணையத்தின் இணையப் பக்கத்தில் ஐசி எண்ணைப் போட்டால் போதும்.