கொலுசு ஆர்டர் 40, ரிப்போர்ட்டில் 138 என்று வருவது ஏன்?

எல்லா வரிகளையும் எண்ணாமல், ஆர்டர் எண்ணை மட்டும் 'கவுன்ட் டிஸ்டிங்க்ட்' (ஒரே எண் எத்தனை முறை வந்தாலும் ஒரு தடவை மட்டும் எண்ணுவது) போட்டு எண்ணுங்கள். 138 போய் 40 வந்துவிடும்.

ஆனால் வெள்ளி எடையும் வரவுத் தொகையும் இதனால் சரியாகாது. உங்கள் செவ்வாப்பேட்டைப் பட்டறைக் கணக்கில் ஆர்டர், உருப்படி, வரவு என மூன்று டேபிள்களையும் ஒரே கொயரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) ஜாயின் செய்திருக்கிறீர்கள், அதாவது ஆர்டர் எண்ணை வைத்து இணைத்திருக்கிறீர்கள். ஓர் ஆர்டரில் 3 உருப்படி, 2 தவணை வரவு இருந்தால், ஒவ்வொரு உருப்படியும் ஒவ்வொரு வரவோடும் சேர்ந்து 6 வரி வரும். எடை இரண்டு மடங்கு, வரவு மூன்று மடங்கு ஆகிவிடும்.

ஒரே ஒரு ஆர்டர் எண்ணை வைத்து, குரூப் பை (வரிகளை ஒன்றாகத் திரட்டுவது) இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். ஒரே வரவு திரும்பத் திரும்ப வருவது கண்ணிலேயே தெரியும்.

சரி, தீர்வு: உருப்படியைத் தனியாக, வரவைத் தனியாக ஆர்டர் எண்படி கூட்டி, அப்புறம் ஆர்டர் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் (இணை வரி இல்லாத ஆர்டரையும் விடாமல் வைக்கும் இணைப்பு) செய்யுங்கள். சாதா ஜாயின் போட்டால் முன்பணம் வராத ஆர்டர்கள் விடுபட்டுப் போகும்.

தயவுசெய்து 'சம் டிஸ்டிங்க்ட்' (ஒரே தொகையை ஒரு தடவை மட்டும் கூட்டுவது) பக்கம் போகாதீர்கள். ஒரே ஆர்டருக்கு இரண்டு தவணையும் 5,000 ரூபாயாகக் கட்டியிருந்தால் ஒன்றைத்தான் கூட்டும். கடன் பாக்கி தப்பாகி, பணம் கட்டியவரிடமே போய்க் கேட்கும்படி ஆகிவிடும்.