பால்சா கிட்டில் முதல் ஆர்சி விமானம்: கேள்வி பதில்

ஆர்சி (ரேடியோவால் இயக்கும்) விமானம் கட்டுவது குறித்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வகைக் கிட்டைப் பற்றியவை. லேசரில் வெட்டிய பால்சா (மிக லேசான மரம்), ப்ளைவுட் பாகங்கள், உடலுக்கு மேலே அமரும் இறக்கை, இறக்கையின் நீளம் 1500 மி.மீ., அகலம் 240 மி.மீ., எலெக்ட்ரிக் மோட்டார், பறக்கும் எடை சுமார் 1700 கிராம். கீழே வரும் அளவுகள் இந்த ட்ரெய்னருக்கானவை (பறக்கப் பழகும் விமானம்). உங்கள் கிட்டின் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கேள்வி: சார், பெட்டியைப் பிரித்துவிட்டேன். முதலில் எதைச் செய்வது? எந்தப் பசை வாங்குவது?

எல்லாப் பாகங்களையும் தட்டிலிருந்து ஒரேயடியாகப் பெயர்த்துக் குவித்துவிடாதீர்கள். பல கிட்டுகளில் எண் வரைபடத்தில் மட்டும்தான் இருக்கும், மரத்தில் இருக்காது. பென்சிலால் எண் எழுதிவிட்டு, அன்றைக்குத் தேவையானதை மட்டும் பிரியுங்கள்.

அடுத்து, சமையலறைத் தராசை எடுத்து நீளக் கட்டைகளை எடை போடுங்கள். பால்சா ஒரே மரமாக இருந்தாலும் பலகைக்குப் பலகை எடை மாறும். ஒரே அளவுள்ள இரண்டு கட்டைகளில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு கனமாக இருப்பது சாதாரணம். ஸ்பார் கட்டைகளை (இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதுகெலும்புக் கட்டைகள்) எடையும் விறைப்பும் ஒத்த ஜோடிகளாகப் பிரித்து, இடது வலது இறக்கைகளுக்குச் சமமாகக் கொடுங்கள். மிக லேசான மரம் வால் பகுதிக்குப் போகட்டும். வாலில் 10 கிராம் கூடினால் அதை ஈடுகட்ட மூக்கில் 25 முதல் 30 கிராம் வரை ஏற்ற வேண்டிவரும்.

பசையில் நான்கு போதும். மெல்லிய சிஏ (சூப்பர் க்ளூ வகை) இறுக்கமாகப் பொருந்திய இணைப்புக்கும் ஹிஞ்சுக்கும் (அசையும் பாகங்களின் கீல்). நடுத்தர சிஏ சிறு இடைவெளி உள்ள இடத்துக்கு. மரவேலை வெள்ளைப் பசை ரிப் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குப் பலகை), ஸ்பார் போன்ற பொறுமையான வேலைக்கு. 30 நிமிட எப்பாக்சி ஃபயர்வாலுக்கும் (மோட்டார் பூட்டும் முன்பலகை) இறக்கை நடு இணைப்புக்கும். 5 நிமிட எப்பாக்சியை இந்தக் கடைசி இரண்டு இடங்களிலும் தவிர்த்துவிடுங்கள். மரத்துக்குள் ஊற அதற்கு நேரம் கிடைக்காது, வெயிலில் நிறுத்திய காருக்குள் இருக்கும் சூட்டில் இளகவும் தொடங்கும். ஜன்னலைத் திறந்துவைத்தே சிஏ பயன்படுத்துங்கள். பருத்தித் துணியில் அது கொட்டினால் துணி சுடச்சுடப் புகையும்.

கேள்வி: வரைபடத்தின் மேல் ரிப்களை வைத்தால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கிட் தவறா?

தவறில்லை. ட்ரெய்னர்களில் அதிகம் வரும் கிளார்க் ஒய் என்ற இறக்கை வடிவத்தை 1922-இல் வர்ஜினியஸ் கிளார்க் வடிவமைத்தார். அதன் அடிப்பக்கம் முன்னிருந்து 30 சதவீதத்துக்குப் பிறகுதான் தட்டை. அதற்கு முன்னால் அடி மேல்நோக்கி வளைந்து போகும். எனவே ரிப்பின் பின்பகுதி பலகையில் படிந்து, மூக்கு அந்தரத்தில் நிற்பதுதான் சரியான நிலை. அதை அழுத்திக் குண்டூசி குத்தினால் எல்லா ரிப்பும் முன்னால் சாய்ந்து ஒட்டிக்கொள்ளும். வளைவின் உயரத்துக்கு ஏற்ற பால்சாத் துண்டை லீடிங் எட்ஜுக்கு (இறக்கையின் முன்ஓரம்) அடியில் வரிசையாக வையுங்கள்.

வரைபடத்தின் மேல் மெல்லிய பாலித்தீன் தாள் விரித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறக்கை வரைபடத்தோடு சேர்ந்து எழும். ரிப் நேராக நிற்கிறதா என்று கண்ணை நம்பாமல் மூலைமட்டம் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: ஷியர் வெப் என்று சின்னச் சின்னப் பலகைகள் 20 இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒட்டியாக வேண்டுமா?

வேண்டும். மேல், கீழ் ஸ்பார்களுக்கு நடுவே நிற்கும் பலகைகள் இவை. நார் மேலிருந்து கீழாக ஓடும்படி ஒட்டுங்கள். விமானம் டைவிலிருந்து எழும்போது மேல் ஸ்பார் அமுக்கப்படுகிறது, கீழ் ஸ்பார் இழுபடுகிறது. நடுவில் வெப் இல்லையென்றால் மேல் ஸ்பார் நெளிந்து இறக்கை மடியும். வெப்பின் நார் படுக்கையாக இருந்தாலும் பலன் இல்லை, நார் வழியாகவே பிளந்துவிடும். உடலை ஒட்டிய முதல் ஐந்து அறைகளில்தான் சுமை மிக அதிகம். அங்கே வெப்பின் நான்கு ஓரமும் ஸ்பாரையும் ரிப்பையும் இடைவெளியின்றித் தொட வேண்டும்.

கேள்வி: இறக்கை காய்ந்ததும் பலகையிலிருந்து எடுத்தேன், ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டது. ஃபிலிம் (மேலே மூடும் பிளாஸ்டிக் தாள்) போட்டால் சரியாகிவிடுமா அண்ணா?

தானாகச் சரியாகாது, தம்பி. முதலில் எவ்வளவு முறுக்கு, எந்தப் பக்கம் என்று பாருங்கள். இறக்கையைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து, நுனி ரிப்பின் ட்ரெய்லிங் எட்ஜ் (பின்ஓரம்) எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று அளவெடுங்கள். இரண்டு நுனியிலும் பின்ஓரம் சமமாக 3 மி.மீ. தூக்கியிருந்தால் அது நல்லது. வேகம் குறையும்போது நுனிக்கு முன்பே நடுப்பகுதி தூக்குவிசையை இழக்கும், விமானம் ஒரு பக்கம் கவிழாது. பல கையேடுகள் வேண்டுமென்றே இப்படிக் கட்டச் சொல்கின்றன. ஒரு நுனியில் மட்டும் இருந்தாலோ, ஒன்று மேலும் மற்றது கீழுமாக இருந்தாலோ அது கோளாறு. எய்லரான் (இறக்கையின் பின்ஓரத்தில் அசையும் தகடு) ட்ரிம்மில் (ரேடியோவில் நடுநிலையைத் திருத்துவது) அதை மறைக்கலாம், ஆனால் அந்தச் சரிக்கட்டல் ஒரு வேகத்துக்குத்தான் பொருந்தும். தரையிறங்க வேகம் குறைக்கும்போது சாய்வு திரும்பி வரும்.

லீடிங் எட்ஜ் மேல் பால்சாத் தகடு ஒட்டுவதற்கு முன் திருத்துவது மிகச் சுலபம். தகடு மேலும் கீழும் ஒட்டியதும் முன்பகுதி மூடிய குழாயாகிவிடும். அதன் பிறகு அன்றிருக்கும் வடிவமே நிலைக்கும். ஆகவே தகடு ஒட்டும்போது இறக்கை பலகையில் குண்டூசியோடு இருக்கட்டும். இரவு முழுக்கக் காயவிட்டு எடுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் இரண்டு நாள் விட்டாலும் நல்லது.

ஃபிலிம் போட்ட பிறகு முறுக்குத் தெரிந்தால் இன்னொருவர் உதவி வேண்டும். ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம் தேவைக்குச் சற்று அதிகமாகவே முறுக்கிப் பிடிக்க, மற்றவர் மேலும் கீழும் சூடு காட்ட வேண்டும். ஃபிலிம் ஆறும்வரை பிடியைத் தளர்த்தக் கூடாது.

கேள்வி: டைஹெட்ரல் (இறக்கை நுனிகள் மேல்நோக்கிச் சாயும் கோணம்) எவ்வளவு?

ஒரு பாதி பலகையில் படுத்திருக்க, மற்றதன் நுனி 80 மி.மீ. உயரத்தில் நிற்கட்டும். பக்கத்துக்கு 3 டிகிரி வரும். நடு ரிப்கள் இரண்டும் அதே 3 டிகிரி சாய்வில் ஒட்டப்பட்டிருந்தால்தான் முகம் முழுக்கப் பொருந்தும். 3 மி.மீ. ப்ளைவுட் பிரேஸை (இரு பாதிகளையும் இணைக்கும் பலகை) எப்பாக்சி தடவாமல் ஒரு முறை செருகிப் பாருங்கள். காய்ந்ததும் நடு இணைப்பைச் சுற்றி 50 மி.மீ. அகல ஃபைபர்கிளாஸ் நாடா ஒட்டுங்கள்.

கேள்வி: உடல் பகுதியில் அதிகம் நடக்கும் தவறு எது?

இரண்டு இடது பக்கங்கள் செய்துவிடுவது. இரு பலகையையும் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிராக வைத்து, உள்பக்கம் எது என்று எழுதிய பிறகே ப்ளைவுட் டப்ளரை (உள்ளே ஒட்டும் வலுப்பலகை) ஒட்டுங்கள்.

அடுத்தது, உடல் வாழைக்காய்போல வளைவது. ஒரு பக்கப் பலகை மற்றதைவிட விறைப்பாக இருந்தால், வாலில் இரண்டையும் சேர்க்கும்போது மெலிந்த பக்கம் அதிகம் வளையும். வரைபடத்தின் நடுக்கோட்டில் உடலை வைத்து, ஒவ்வொரு ஃபார்மரின் (உடலின் குறுக்குச் சட்டம்) நடுக்குறியும் கோட்டில் இருக்கிறதா என்று மூலைமட்டத்தால் சரிபார்த்து, பிறகே வால்முனையை ஒட்டுங்கள்.

ஃபயர்வால் 6 மி.மீ. ப்ளைவுட். எப்பாக்சியோடு, உள்மூலைகளில் முக்கோணக் கட்டை கட்டாயம். முழு த்ராட்டிலில் இங்கேதான் இழுவிசை முழுதும் விழுகிறது. மோட்டாரின் முன்புறம் 2 டிகிரி வலப்பக்கமும் 2 முதல் 3 டிகிரி கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். கோணம் கிட்டிலேயே வெட்டப்பட்டிருக்கும். கோணல் என்று நினைத்து அதை நேராக்கிவிடாதீர்கள். சுழலும் காற்று செங்குத்து வாலை இடமிருந்து அடிப்பதால் மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலக்கோணம் அதற்கு. த்ராட்டில் கூட்டியதும் மேல் இறக்கை விமானம் மூக்கைத் தூக்கும், கீழ்க்கோணம் அதற்கு.

கேள்வி: சிஏ ஹிஞ்ச் இழுத்தால் கையோடு வருகிறது. எப்பாக்சி போடலாமா?

கூடாது. அந்தத் தகடு மெல்லிய சிஏவை உறிஞ்சுவதற்கென்றே செய்தது. பிளவின் நடுவில் 1.5 மி.மீ. துளை ஒன்றை ஹிஞ்சின் ஆழத்துக்குப் போடுங்கள். பசை அதன் வழியே உள்ளே பரவும். ஹிஞ்சின் நடுவில் குண்டூசி குத்தி, இரு பக்கமும் சமமாக நுழைத்து, ஊசியை எடுத்துவிட்டு, மேலே 4 சொட்டு, கீழே 4 சொட்டு. நடுத்தர சிஏ உள்ளே போகாது. சீக்கிரம் காயவைக்கும் ஸ்ப்ரே அடித்தால் பசை மேலேயே உறைந்துவிடும். பத்து நிமிடம் கழித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். இடைவெளி அரை மி.மீ. இருந்தால் போதும், அதிகமானால் காற்று கசிந்து கட்டுப்பாடு மந்தமாகும்.

கேள்வி: கவரிங் ஃபிலிம் சுருக்கம் சுருக்கமாக வருகிறது.

சூடு இரண்டு கட்டம். ஓரங்களை 100 டிகிரி செல்சியஸ் அளவில் ஒட்டுங்கள், நடுவை 140 முதல் 150 டிகிரியில் சுருக்குங்கள். பிராண்டுக்குப் பிராண்டு இது மாறும், உறையில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். முதலிலேயே அதிகச் சூடு காட்டினால் ஓரம் பிடிக்கும் முன்பே ஃபிலிம் சுருங்கி நழுவும். மரத்தை 320 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை முழுதும் துடையுங்கள். தூசி மேல் ஒட்டிய ஃபிலிம் வெயிலில் கொப்புளம் போடும். அடிப்பக்கம் முதலில், மேல்பக்கம் பிறகு, ஓரத்தில் 6 மி.மீ. மேலேற்றம். கீழே ஒரு நிறம், மேலே வேறு நிறம் வைத்தால் தூரத்தில் விமானம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று தெரியும்.

கேள்வி: வாலை ஒட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபிலிம் மேல் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தில் அதை உரிக்க வேண்டும். பிளேடை வைத்து அழுத்தி வெட்டுவதுதான் ஆபத்து. ஃபிலிமோடு பால்சாவிலும் கால் மி.மீ. கீறல் விழும். கிடைவாலின் சுமை மிக அதிகமாகும் கோட்டில், உடலின் ஓரத்திலேயே, அந்தக் கீறல் இருக்கும். சில பறத்தல்களுக்குப் பிறகு வால் சரியாக அந்தக் கோட்டில் ஒடியும். மெல்லிய முனையுள்ள சால்டரிங் அயர்னை வேகமாக இழுத்து ஃபிலிமை உருக்கி வெட்டுங்கள். அது இல்லையென்றால் புது பிளேடை அதன் எடைக்கே ஓடவிடுங்கள், கோட்டையும் ஒட்டும் பகுதிக்குள் 2 மி.மீ. தள்ளி வையுங்கள்.

நேர் பார்க்க நூல் போதும். இறக்கையைப் பூட்டி, அதன் இரு நுனியிலிருந்தும் உடலின் வால்முனைக்குத் தூரம் அளந்து சமமாக்குங்கள். பிறகு இறக்கை நுனியிலிருந்து கிடைவால் நுனிக்கு இரு பக்கமும் அளவெடுங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருக்கட்டும். பின்னால் 3 மீட்டர் தள்ளி நின்று இறக்கையும் கிடைவாலும் இணையாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு எப்பாக்சி கலக்குங்கள்.

கேள்வி: மோட்டார், பேட்டரி எது? 4எஸ் (நான்கு செல் பேட்டரி) போட்டால் வேகம் கிடைக்குமே?

கிலோவுக்கு 150 முதல் 200 வாட் இருந்தால் ட்ரெய்னர் நிம்மதியாக ஏறும். 1700 கிராமுக்குச் சுமார் 300 வாட். 900 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 900 சுற்று) மோட்டார், 11×5.5 அங்குல ப்ரொப்பெல்லர், 3எஸ் 2200 எம்ஏஹெச் லிப்போ (லித்தியம் பேட்டரி), 50 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) சரியாக வரும். வாட் மீட்டர் வைத்து முழு த்ராட்டிலில் 30 ஆம்பியர் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். அதே ப்ரொப்பெல்லரோடு 4எஸ் மாட்டினால் மின்னோட்டம் 50-ஐத் தாண்டும். மோட்டாரும் இஎஸ்சியும் புகையும்.

மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றுங்கள். ப்ரொப்பெல்லரில் எழுத்து அச்சான பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். சர்வோ (அசையும் தகடுகளை இயக்கும் சிறு மோட்டார்), ரேடியோ அமைக்கும்போது ப்ரொப்பெல்லர் கழற்றியே இருக்கட்டும்.

கேள்வி: சர்வோ இணைப்பில்?

ரிசீவரை இயக்கி, ட்ரிம் பூஜ்யத்தில் வைத்த பிறகு சர்வோ ஆர்மை மாட்டுங்கள். ஆர்ம் புஷ்ராடுக்கு (சர்வோவைத் தகட்டோடு இணைக்கும் கம்பி) 90 டிகிரியில் நிற்க வேண்டும். சர்வோவில் உள்துளை, ஹார்னில் (தகட்டில் பூட்டும் கொம்பு) வெளித்துளை என்றால் விசையும் நுணுக்கமும் கூடும். சர்வோவைப் பூட்டும் ரப்பர் வளையத்துக்குள் போகும் பித்தளைக் குழாயின் அகன்ற விளிம்பு மரத்தைப் பார்க்க வேண்டும். அசைவு அளவு: எலிவேட்டர் (கிடைவாலின் அசையும் தகடு) மேலும் கீழும் 12 மி.மீ., எய்லரான் மேலே 12, கீழே 8, ரடர் (செங்குத்து வாலின் அசையும் தகடு) 25.

கேள்வி: சிஜி (எடை சமநிலைப் புள்ளி) 80 மி.மீ.-இல் நிற்கிறது. அப்படியே பறக்கலாமா சார்?

பறக்க வேண்டாம். இறக்கை அகலம் 240 என்றால் 25 முதல் 30 சதவீதம், அதாவது லீடிங் எட்ஜிலிருந்து 60 முதல் 72 மி.மீ. முதல் பறத்தலுக்கு 65 வையுங்கள். 80-இல் எலிவேட்டரை லேசாகத் தொட்டாலே மூக்கு எகிறும், அதைச் சரிசெய்யும் முன் மறுபக்கம் விழும். 55-இல் இருந்தால் ஆபத்தில்லை, தரையிறங்க வேகம் மட்டும் அதிகம் வேண்டும்.

கணக்கு சுலபம். 15 மி.மீ. முன்னே நகர்த்த 1700 × 15 = 25,500 கிராம்-மி.மீ. வேண்டும். 180 கிராம் பேட்டரியை 60 மி.மீ. முன்னே தள்ளினால் 10,800 கிடைக்கும். மீதி 14,700-ஐ, சிஜிக்கு 250 மி.மீ. முன்னால் ஃபயர்வாலில் வைக்கும் ஈயம் ஈடுகட்டும்: சுமார் 60 கிராம். தூண்டில் ஈயக்குண்டை எப்பாக்சியில் பதித்து ஒட்டுங்கள். டேப் மட்டும் போட்டால் தரை இறங்கும் அதிர்ச்சியில் கழன்று ஓடும். பேட்டரி உட்பட எல்லாம் மாட்டியே சிஜி பாருங்கள். பேட்டரிக்கு அடியில் வெல்க்ரோ, மேலே பட்டை, இரண்டும் வேண்டும்.

கேள்வி: மைதானத்தில் கடைசியாக எதைப் பார்ப்பது?

வலப்பக்கம் ஸ்டிக் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. பின்னால் நின்று பாருங்கள். முன்னால் நின்றால் இடம் வலம் குழம்பும். ப்ரொப்பெல்லர் மாட்டும் முன்பே ட்ரான்ஸ்மிட்டரை அணைத்து, த்ராட்டில் பூஜ்யத்துக்குப் போகிறதா என்று ஃபெயில்சேஃப் சோதனை செய்யுங்கள். ரேஞ்ச் செக் (ரேடியோ எட்டும் தூரத்தைச் சோதிப்பது) நிலையில் 30 காலடி நடந்து, மோட்டார் ஓடும்போதும் சர்வோ நடுங்காமல் இருக்கிறதா பாருங்கள். ரிசீவரின் இரண்டு ஆன்டெனாவும் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்கட்டும்.

டைமரை 6 நிமிடத்துக்கு வையுங்கள். இறங்கியதும் செல் ஒவ்வொன்றையும் அளந்து, 3.7 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் டைமரைக் குறையுங்கள். இரண்டாவது முறை கிளப்பும் முன் மோட்டார் போல்ட்டுகளைத் திருகிப் பாருங்கள், எல்லா ஹிஞ்சையும் இழுத்துப் பாருங்கள், இறக்கை அமரும் இடத்தில் மரம் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். புது விமானத்தில் அங்கேதான் முதலில் அமுங்கும், அமுங்கினால் இறக்கையின் கோணமும் மாறும். நசுங்கிய இடத்தில் 1 மி.மீ. ப்ளைவுட் பட்டை ஒட்டுங்கள்.