ஒஸ்லோ–ஹெல்சிங்கி தூரம் இரட்டிப்பாக வருவது ஏன்?

ஒஸ்லோ, ஹெல்சிங்கி இரண்டும் ஏறக்குறைய 60 டிகிரி வடக்கில் இருக்கின்றன, தீர்க்கக்கோட்டு வித்தியாசம் 14 டிகிரி, 111-ஆல் பெருக்கினால் 1,554 கி.மீ. வருகிறது, வரைபடமோ 800-க்கும் குறைவாகக் காட்டுகிறதே என்று கேட்டிருந்தீர்கள். பெருக்கலில் பிழையில்லை. அந்த 111-தான் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

வடக்கு தெற்காகப் போனால் ஒரு டிகிரி எங்கே அளந்தாலும் கிட்டத்தட்ட 111 கி.மீ.தான். அட்சக்கோடுகள் ஒன்றுக்கொன்று இணையானவை. தீர்க்கக்கோடுகள் அப்படியில்லை, எல்லாம் துருவத்தில் போய்க் கூடிவிடும். கையில் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை நிலநடுக்கோட்டில் அடுத்தடுத்த இரண்டு தீர்க்கக்கோடுகளுக்கு நடுவே வைத்து, அந்த நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதே நூலை 60 டிகிரிக்கு ஏற்றினால் இரண்டு கட்டங்களை மூடிவிடும். சூத்திரத்தைவிட இந்த நூல்தான் எனக்குப் புரியவைத்தது.

கணக்காகச் சொன்னால், 111-ஐ அந்த அட்சத்தின் கொசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். கொசைன் 60 என்பது 0.5. ஆக, டிகிரிக்கு 55.5 கி.மீ., 14 டிகிரிக்கு 777. மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசம் நீங்கள் டிகிரியை முழு எண்ணாக்கியதால் வந்தது. கண்டம் தாண்டும் தூரங்களுக்கு மட்டும் இந்தக் குறுக்குவழி ஒத்துவராது, அங்கே மிகக் குறுகிய பாதை அட்சக்கோட்டை ஒட்டிப் போகாது.

கடல் மைல் என்பதே அட்சத்தில் ஒரு நிமிடம்தான், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 1.852 கி.மீ. மாலுமிகள் கவராயத்தை வரைபடத்தில் அட்சம் குறித்த பக்கவாட்டு அளவுகோலில் வைத்துத் தூரம் எடுப்பது அதனால்தான். மேல் விளிம்பில் இருக்கும் தீர்க்கக்கோட்டு அளவுகோலைத் தூரத்துக்குத் தொடவே மாட்டார்கள்.